ஜி5-க்குக் குதிரை வந்தால் என்ன செய்வது?

சிறுவர் செஸ் போட்டி எதற்குப் போனாலும் ஒரு மேஜையிலாவது ஃப்ரைடு லிவர் ஓடிக்கொண்டிருக்கும்: வெள்ளை ஒரு குதிரையைப் பலி கொடுத்து, கறுப்பு ராஜாவை நடுவுக்கு இழுக்கும் தாக்குதல். அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்குக் கறுப்புக் காயில் நான் முதலில் சொல்லித் தருவது இதைச் சமாளிப்பதைத்தான்.

தொடக்கம் தெரிந்ததே: இ4 இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6. இப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவும். பிஷப்பும் அதுவும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. அதற்குக் காவல் ராஜா மட்டும்தான். டி5 தள்ளி பிஷப்பின் வழியை மறியுங்கள். வெள்ளை அதை வெட்டும்.

கை பரபரக்கும் இடம் இது. எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7-இல் விழும். ராஜா அதை எடுத்ததும் எஃப்3-இல் ராணி செக்! டி5 குதிரைக்கும் அதே அடி. அதைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, நடுத்தெருவுக்கு, வர வேண்டியிருக்கும். அப்புறம் சி3-க்கு இன்னொரு குதிரை. எதிரில் இருப்பவர் சுமாராக ஆடினாலும் பிழைப்பது கஷ்டம்.

சரி, வெட்டாதீர்கள். சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பை விரட்டுங்கள். பிஷப் பி5-இல் செக், நீங்கள் சி6. அங்கே சிப்பாய்கள் வெட்டிக்கொள்ளும். பிஷப் இ2-க்குப் பின்வாங்கினால் எச்6. குதிரை எஃப்3-க்குப் போனால் இ4. இ5-க்குத் தாவினால் பிஷப் டி6.

"சார், ஒரு பான் (சிப்பாய்) போச்சே" என்பார்கள். எண்ணிப் பார்க்கச் சொல்வேன். வெள்ளையின் பத்து நகர்த்தலில் நான்கு ஒரே குதிரைக்கு, மூன்று ஒரே பிஷப்புக்கு, மீதி மூன்று கடைசியில் வெட்டுப்பட்ட ஒரே சிப்பாய்க்கு. வேறு எந்தக் காயும் அசையவே இல்லை. வெள்ளை டி4 தள்ளினால் ஆன் பாசானில் (இரண்டு கட்டம் தாவி பக்கத்தில் வந்த சிப்பாயை, ஒரு கட்டம் மட்டும் வந்ததுபோல வெட்டும் விதி) வெட்டுங்கள். குதிரை டி3-இல் எடுத்ததும் ராணியை சி7-இல் நிறுத்தி எச்2-ஐக் குறிவையுங்கள். ஏ5 குதிரையை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஓரத்திலேயே கிடந்து வீணாகும். சி5 தள்ளிவிட்டு சி6 வழியாக உள்ளே இழுங்கள்.

இப்போதெல்லாம் பிஷப்பை இ2-க்குப் பதில் டி3-இல் வைப்பவர்கள் அதிகம். அதற்கு எஃப்6 குதிரை டி5-க்கு: ராணியின் வழி திறந்து ஜி5 குதிரை மாட்டும், எஃப்4 கட்டமும் கைக்கு வரும்.

நீங்கள் எச்6 ஆடியதும், வெள்ளைக் குதிரை எஃப்3-க்குப் போகாமல் எச்3-இல் ஒதுங்குவதும் உண்டு. நகர்த்தல்களைத் தந்தியில் அனுப்பி ஆடிய 1890-91 பந்தயத்தில், அன்றைய உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் இப்படி ஆடி ரஷ்யரான சிகோரினிடம் தோற்றார். 1963-இல் அமெரிக்கரான பாபி ஃபிஷர் அதையே தூசி தட்டி எடுத்து, சக அமெரிக்க ஆட்டக்காரர் பிஸ்கயரை வென்றார். அந்தக் குதிரையை அவசரப்பட்டு வெட்டாமல், பிஷப்பை டி6-இல் வைத்து கேஸ்ட்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து ஒரே நகர்த்தலில் பாதுகாப்பாக ஒதுக்குவது) செய்துவிடுங்கள்.