பிறனிடத்தில் அன்புகூருவது: சென்னைக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எல்லா மனிதரையும் நேசிக்க வேண்டும் என்பதை மறுக்கும் கிறிஸ்தவர் யாரும் இல்லை. ஆனால் "எல்லாரும்" என்று சொல்லும்போது எவருடைய முகமும் நம் கண்முன் வருவதில்லை. அதனால் அந்தக் கட்டளை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தோடு நின்றுவிடுகிறது. பிரதான கற்பனை (கட்டளை) எது என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு இயேசு, தேவனிடத்தில் அன்புகூருவதையும் பிறனிடத்தில் அன்புகூருவதையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டாவது முதலாவதற்கு ஒப்பானது என்று பதில் சொன்னார் (மத்தேயு 22:37-39). ஆகவே இது மனமுள்ளவர் செய்துவிட்டுப் போகும் தர்மம் அல்ல, கடமை. கடமை என்பதாலேயே இதைப் பழகிக்கொள்ளவும் முடியும். முதலில் மனதில் அன்பு ஊறட்டும், பிறகு செய்துகொள்ளலாம் என்று இருப்பவர் கடைசிவரை அப்படியே இருந்துவிடுவார். லூக்கா 10ஆம் அதிகாரத்துச் சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனைக் கண்டு மனதுருகினான் என்று சொன்ன கையோடு, அவன் கிட்ட வந்ததையும், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதையும், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனதையும், மறுநாள் பணம் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னதையும் வேதம் வரிசையாகச் சொல்லுகிறது. நாம் கற்க வேண்டியதும் இந்த வரிசையைத்தான்.

யாரிடமிருந்து தொடங்குவது

ஒரு தாளை எடுத்து, காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை யார் யாருடைய உழைப்பால் உங்கள் நாள் ஓடுகிறது என்று எழுதுங்கள். பால் பாக்கெட் போடுபவர், குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர், வீட்டு வேலை செய்யும் அக்கா, வாசலில் இருக்கும் காவலாளி, தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர், உணவு கொண்டுவரும் இளைஞர் என்று பட்டியல் நீளும். அதன் கீழே, நீங்கள் முகம் கொடுத்துப் பேச விரும்பாத ஒருவரையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் எதிரே அவரவர் பெயரை எழுதிப் பாருங்கள். பெயர் தெரியாமல் விட்ட இடங்கள்தான் நீங்கள் தொடங்க வேண்டிய இடங்கள்.

பெயரைக் கேட்பதற்கு முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை. "அண்ணா, இத்தனை நாளா பாக்குறேன், உங்க பேரைக் கேக்கவே இல்லையே" என்று கேட்டால் போதும். அடுத்த நாள் அந்தப் பெயரை மறக்காமல் இருப்பது முக்கியம். உங்களைவிட மூத்தவரை "வா, போ" என்று பேசும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். பெரியவர்கள் பேசுவதைத்தான் பிள்ளைகளும் பேசுவார்கள்.

வீட்டுக்குள்

அந்நியரிடம் அன்பு காட்டுவது பல நேரங்களில் எளிது. நம்மிடம் கூலி வாங்குகிறவரிடம் காட்டுவது கடினம், ஏனென்றால் அங்கே அன்புக்கு விலை உண்டு. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்ற கட்டளை வருவது லேவியராகமம் 19:13இல். உன்னைப்போல் பிறனையும் நேசி என்பது அதற்கு ஐந்து வசனம் தள்ளி அதே அதிகாரத்தில் வருகிறது. சம்பளத்தைக் குறித்த தேதியில் கொடுப்பது அன்பின் முதல் செயல் என்று நான் துணிந்து சொல்லுவேன். அதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.

உங்கள் வீட்டுக்கு வருபவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்த பல குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டுவிட்டன. அங்கிருந்து மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் பழைய வீடுகளிலேயே வேலை செய்ய வரும் பெண்கள் விடியுமுன் எழுந்து பேருந்து ஏறுகிறார்கள். மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லைதான். ஆனால் அந்தப் பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? பத்து நிமிடம் தாமதமாக வந்தவரிடம் கோபப்படுவதற்கு முன், வேலை நேரத்தை அரைமணி தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு கொடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராத நாளுக்குக் கூலி பிடிக்காதீர்கள். ஓய்வுநாள் கற்பனையில் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் என்று இருப்பதைச் சிறு வயதிலிருந்து ஒப்பித்திருக்கிறோம். நாம் ஆராதனைக்குப் போகும் ஞாயிறன்று அவர் நம் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல கிறிஸ்தவ வீடுகளில், சமையலறைக்கு வெளியே, துணி துவைக்கும் இடத்து ஜன்னல் திண்டில், விளிம்பு நசுங்கிய ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். வேலை செய்பவருக்குக் காப்பி அதில்தான் ஊற்றப்படும். அவரே கழுவி அதே இடத்தில் வைப்பார். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிற நாம் இதை வைத்திருக்கக் கூடாது. அந்த டம்ளரை எடுத்துவிட்டு, வீட்டார் குடிக்கும் டம்ளரில் ஊற்றி, நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கொடுங்கள். முதல் சில நாள் அவரே கூச்சப்பட்டு மறுப்பார். வற்புறுத்தாமல், ஆனால் விடாமல் கொடுத்துவாருங்கள்.

சபைக்குள்

பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தை கட்டின தரித்திரனுக்குப் பாதபடியருகில் இடமும் கொடுப்பதை யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். நம் சபைகளில் மோதிரத்தோடு சாதியும் சேர்ந்துகொண்டது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகள் முற்றிலும் கைவிட வேண்டும் என்று தென்னிந்தியாவுக்குச் சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. அதை எதிர்த்துச் சபையை விட்டு விலகியவர்களும் உண்டு. இத்தனை காலத்துக்குப் பிறகும், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்குச் சாதியைக் குறிப்பிட்டு வரன் தேடுகிறோம். திருமணத்துக்குப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டளையை நிறைவேற்ற வேண்டிய இடம் இதுவே: விளம்பரத்தில் அந்த ஒரு வரியை எழுதாதீர்கள், தரகர் கேட்டால் சொல்லாதீர்கள். உறவினர் முகம் சுளிப்பார்கள்; அதைத் தாங்கிக்கொள்வதும் கடமையில் சேர்ந்ததுதான்.

வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் "கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டுவதையும் விட்டுவிட வேண்டும். வீடு தேடி அலையும் ஓர் இஸ்லாமியக் குடும்பம் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும்போது கிறிஸ்துவைப் பற்றி என்ன தெரிந்துகொண்டு போகும்? 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் தண்ணீரில் இறங்கி வந்து சாப்பாட்டுப் பொட்டலம் நீட்டியவர்களிடம் நாம் மதம் கேட்டு வாங்கவில்லை. அதுபோலவே நாம் கொடுக்கும்போதும், பொட்டலத்தோடு சுவிசேஷக் கைப்பிரதியைச் செருகாமல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுவிசேஷம் சொல்லுவது வேறு நேரத்தில், கேட்க விரும்புகிறவரிடம் செய்ய வேண்டிய ஊழியம். பசியோடு இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். அந்த நிலையை நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

அந்நியரும் அடிபட்டவரும்

உங்களிடத்தில் வாசம்பண்ணுகிற அந்நியனைச் சுதேசியைப்போல எண்ணி நேசிக்க வேண்டும் என்பதும் லேவியராகமம் 19இல் இருக்கிற கட்டளைதான். மெட்ரோ ரயில் பணியிடங்களிலும், உணவகச் சமையற்கட்டுகளிலும், அடுக்குமாடிக் கட்டுமானங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பணம் அல்ல, கூட வர ஓர் ஆள். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரத்தில் ஒரு காலை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போவார். கையில் வெந்நீர் பிளாஸ்க், கைப்பையில் இரண்டு பேனா, கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. ஓ.பி. சீட்டு எங்கே வாங்குவது, ஸ்கேனுக்கு எந்த வரிசை என்று தமிழ் தெரியாதவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போவார். படிவத்தை நிரப்பித் தருவார். மருத்துவர் சொன்னதைத் தனக்குத் தெரிந்த சொற்ப இந்தியில் இரண்டு முறை சொல்லிப் புரியவைப்பார். ஒரு பேனாவும் பொறுமையும் உள்ள எவரும் இதைச் செய்யலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரே மருத்துவமனையை வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள வழிமுறைகள் பழகிவிட்டால்தான் பிறருக்கு உதவ முடியும்.

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் நாம் ஒதுங்கிப் போவதற்குச் சொல்லும் காரணம் போலீஸ் தொல்லை. அந்தக் காரணம் இப்போது செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைச் சட்ட நடவடிக்கையிலிருந்து காக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. 108ஐ அழையுங்கள். மேலும் ஆபத்து இல்லாத இடமாக இருந்தால், கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை நீங்களாகத் தூக்காதீர்கள்; இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிலேயே இருங்கள். தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு விபத்தில் சிக்கியவர் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதையும் அவருடைய வீட்டாரிடம் சொல்லுங்கள்.

பகைத்தவரிடம்

சத்துருவை நேசிப்பது பலருக்குத் தொலைதூரத்து விஷயமாகத் தோன்றுகிறது. நம்முடைய சத்துரு பெரும்பாலும் அப்பா எழுதிவைத்த வீட்டுக்காக வழக்குப் போட்ட சொந்த அண்ணன், அல்லது சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் எதிரணியில் நின்று, இன்றுவரை நம் வரிசையில் உட்காராதவர்.

இதில் ஒரு தவறான போதனையை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். கணவன் அடிக்கிறான் என்று அழுது வரும் பெண்ணிடம், பொறுத்துக்கொள், அன்பு சகலத்தையும் சகிக்கும் என்று சொல்லி அனுப்புவது அன்பு அல்ல; அவளைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப்போய், பெண்களுக்கான 181 உதவி எண்ணைச் சொல்லி, கூடவே நிற்பதுதான் நேசம். தீமை செய்தவனை வெறுக்காமலேயே அவன்மீது புகார் கொடுக்க முடியும்.

மற்ற மனத்தாங்கல்களுக்கு மத்தேயு நற்செய்தி வழியையே சொல்லிவைத்திருக்கிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது 5ஆம் அதிகாரம். குற்றம் அவனுடையதானால் தனியே அவனிடம் பேசு என்கிறது 18ஆம் அதிகாரம். எந்தப் பக்கம் தவறு இருந்தாலும் போக வேண்டியவர் நீங்களே. போவதற்கு முன் சில வாரங்கள் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவர் திருந்த வேண்டும் என்று அல்ல, அவர் உடல்நலத்துக்காகவும், பிள்ளைகளின் படிப்புக்காகவும். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தைய வாரத்தில், நேரில், தனியாகப் போங்கள். வாட்ஸ்அப் செய்தியில் இதைச் செய்ய முடியாது. வழக்கின் விவரத்துக்குள் நுழையாமல், "உங்களோடு பேசாமல் இருப்பது எனக்குச் சமாதானமாக இல்லை" என்று சொல்லி, அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். சொத்துப் பிரச்சினை நீதிமன்றத்தில் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். பேச்சு வார்த்தையும் வழக்கும் ஒரே நேரத்தில் இருக்கலாம். அவர் கதவைத் திறக்காவிட்டால், இரு வீட்டாரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு இன்னொரு முறை போங்கள். அதற்கும் இணங்காவிட்டால் அவருக்கான ஜெபத்தை நிறுத்தாமல், உங்கள் வீட்டுத் திருமணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் மற்ற உறவினருக்குக் கொடுப்பதுபோலவே அவருக்கும் நேரில் அழைப்பிதழ் கொடுத்துவாருங்கள்.