கலப்புப் பொருள் ஷோ-பீஸ் இறக்குமதி: சரியான டாரிஃப் கோடு பிடிப்பது எப்படி

இன்வாய்ஸில் "ஹோம் டெகார், அசார்ட்டட், 40 கார்ட்டன்" என்று ஒரே வரி இருந்தால், பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) போடும் முன்பே சிக்கல் தொடங்கிவிட்டது. இந்தியச் சுங்க டாரிஃபில் "அலங்காரப் பொருள்" என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் தலைப்பு கிடையாது. தலைப்பு எண்கள் பொருள்வாரியாகப் பிரிந்திருக்கின்றன: மரச் சிலை 4420, பிளாஸ்டிக் சிலை 3926 40, பீங்கான், மண் சிலைகள் 6913, பித்தளை, இரும்புச் சிலைகள் 8306. அலங்காரக் கண்ணாடிச் சாமான் பெரும்பாலும் 7013. ஒரே ஷோ-பீஸில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் எதை எடுப்பது?

வேலை ஆர்டர் கொடுக்கும்போதே தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் சப்ளையரிடம் ஒரு தாள் வாங்குங்கள்: எந்தப் பாகம் எந்தப் பொருளில் ஆனது, எத்தனை கிராம், தோராய மதிப்பு என்ன, ஒட்டியிருக்கிறதா, திருகியிருக்கிறதா, தனியே கழற்ற முடியுமா. முன்புறம், பின்புறம், அடிப்பாகம் மூன்றுக்கும் படம் வேண்டும். பளபளக்கும் கற்கள் இருந்தால் அசல் கல்லா, கண்ணாடியா என்று எழுத்தில் கேளுங்கள். டாரிஃபின் 71ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு, முத்தோ, விலையுயர்ந்த அல்லது அரைவிலைமதிப்புள்ள கல்லோ பகுதியளவு இருந்தாலே அந்தப் பொருளைத் தன் பக்கம் இழுக்கும். விலக்குகள் உண்டு என்றாலும் தொடக்கம் அங்கேதான். கம்பியால் செய்த மரத்தில் அகேட் கல் இலை தொங்கினால் 7116 பார்க்க வேண்டியிருக்கும். கண்ணாடி மணி தொங்கினால் அந்தக் கேள்வியே எழாது. தங்க முலாம் வேறு கதை: முலாம் பூசிய பித்தளை சாதாரண உலோகப் பொருளாகவே இருக்கும், 8306 21க்குப் போகும்.

அடுத்து, பொருள் எதில் ஆனது என்று யோசிக்கும் முன், அது என்ன பொருள் என்று பாருங்கள். பெயர் சொல்லியே தலைப்பு இருந்தால் கலப்புப் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடியும். சட்டமிட்ட சுவர்க் கண்ணாடி, சட்டம் மரமோ இரும்போ, 7009 92. தரையில் நிற்கும் ஆளுயர நிலைக்கண்ணாடியும் 7009தான், மரச்சாமான் அத்தியாயமான 94இன் குறிப்பே அதை வெளியே தள்ளிவிடும். சுவர்க் கடிகாரம் 9105. மெழுகுவர்த்தித் தாங்கி மரமும் இரும்பும் கலந்திருந்தாலும் 9405. கிறிஸ்துமஸ் அலங்காரம் 9505 10. ஆனால் கிறிஸ்துமஸ் படம் அச்சிட்ட தட்டும் மேசை விரிப்பும் பயன்பாட்டுப் பொருள்கள், அவற்றை 95ஆம் அத்தியாயக் குறிப்பே வெளியே தள்ளிவிடும். மின்விளக்குச் சரமும் அங்கே வராது, 9405க்குத்தான் போகும். குழந்தை விளையாடக்கூடிய பொம்மை போலத் தெரியும் ஷோ-பீஸில் கூடுதல் கவனம் தேவை. அப்ரைசர் (சரக்கைச் சரிபார்க்கும் சுங்க அதிகாரி) பொம்மைத் தலைப்பான 9503 என்று எடுத்தால் பொம்மைகளுக்கான பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சான்று கேட்பார், அது இல்லாமல் சரக்கு நகராது.

செயற்கைப் பூவில் தவறுகள் அதிகம். 6702 என்றவுடன் எல்லா அலங்காரப் பூவையும் அதில் போடுகிறார்கள். 67ஆம் அத்தியாயத்தின் குறிப்பைப் படித்தால், கண்ணாடிப் பூவும், ஒரே துண்டாக வார்த்தோ செதுக்கியோ செய்த உலோக, மர, மண் பூவும் அதில் சேராது என்று தெரியும். துணி இதழ்களைக் கம்பியில் கட்டியோ ஒட்டியோ செய்ததுதான் 6702. வார்த்தெடுத்த பித்தளைத் தாமரை 8306.

இன்னொரு முனை, அலங்காரமா உபயோகமா என்பது. பித்தளைத் தாம்பாளம் உபயோகப் பொருள் என்றால் 7418, அலங்காரம் என்றால் 8306. டாரிஃபுக்கு அடிப்படையான பன்னாட்டு ஹெச்.எஸ். முறையின் விளக்கக் குறிப்பு இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது: புடைப்பு வேலைப்பாடு மிகுந்து, தட்டாகப் பயன்படுத்தவே ஏறக்குறைய முடியாது என்றால்தான் அது அலங்காரப் பொருள். அழகாக இருப்பது மட்டும் போதாது. இந்த விளக்கக் குறிப்புகளுக்கு உள்ள மதிப்பை உச்ச நீதிமன்றமே 1995இல் வுட் கிராஃப்ட் புராடக்ட்ஸ் வழக்கில் உறுதி செய்திருக்கிறது. ஆகவே சுங்கத்துறைக்குப் பதில் எழுதும்போது மேற்கோள் காட்டத் தயங்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் இரண்டு தலைப்புகள் நின்றால்தான் டாரிஃபைப் படிப்பதற்கான பொது விளக்க விதி 3. கலப்புப் பொருளில் ஒவ்வொரு தலைப்பும் ஒரு பாகத்தை மட்டுமே சொல்வதால், மிகக் குறிப்பாக விவரிக்கும் தலைப்பை எடு என்னும் 3(அ) உதவாது; நேராக 3(ஆ), அதாவது பொருளுக்கு அதன் அடிப்படைத் தன்மையைக் கொடுப்பது எந்தப் பாகம் என்ற கேள்வி. பருமன், அளவு, எடை, மதிப்பு, பயன்பாட்டில் அந்தப் பாகத்தின் பங்கு எல்லாம் கணக்கில் வரும். எடையை மட்டும் வைத்து முடிவு செய்வதே பெரும்பாலோர் செய்யும் பிழை.

ஒரு புத்தர் சிலையை எடுத்துக்கொள்வோம். உருவம் பிளாஸ்டிக் ரெசின், 700 கிராம். பீடம் மரம், 900 கிராம். பின்னால் பித்தளைத் திருவாசி, 200 கிராம். எடையில் மரம் முந்துகிறது, ஆனால் வாங்குபவர் வாங்குவது உருவத்தை. பீடம் தாங்குகிறது, திருவாசி அழகூட்டுகிறது. ஆகவே 3926 40. அதே பீடம் நுணுக்கமான செதுக்கு வேலையாக இருந்து, அதன் மேல் விரல் அளவு ரெசின் உருவம் உட்கார்ந்திருந்தால் முடிவு 4420க்கு மாறும். மரத்தில் பித்தளைக் கம்பி பதித்த பலகைக்கு இந்த விவாதமே வேண்டாம், பதிப்பு வேலை செய்த மரம் 4420இன் பெயரிலேயே இருக்கிறது. பாதி மரம், பாதி பீங்கான் ஓடு, இரண்டும் சம முக்கியம் என்று உண்மையாகவே சொல்ல முடிகிற சுவர்ப் பலகைக்கு மட்டும் 3(இ): எண் வரிசையில் கடைசியாக வருவது, இங்கே 6913. இதை முதல் விதியாகத் தூக்கிக்கொண்டு போனால் அப்ரைசர் ஏற்கமாட்டார்.

"பாலிரெசின்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். கல்தூளை ரெசினால் பிணைத்திருந்தால் 6810இல் செயற்கைக் கல் என்ற வாதம் எழும். தூள் வெறும் நிரப்பியாக இருந்தால் 3926. இரண்டின் சதவீதத்தையும் சப்ளையரிடம் வாங்குங்கள். பெரிய ஆர்டர் என்றால் மாதிரியை முன்பே லேபில் சோதித்துவிடுங்கள். துறைமுகத்தில் மாதிரி எடுத்தால் முடிவு வரும்வரை டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஓடும்.

ஜாடியும் பூவும் ஒரே பரிசுப் பெட்டியில், அப்படியே கடையில் விற்கத் தயாராக வந்தால் தொகுப்பு என்று 3(ஆ)வில் ஒரே கோடு கேட்கலாம். தனித்தனிக் கார்ட்டனில் வந்து இங்கே சேர்த்துக் கட்டுவது தொகுப்பு ஆகாது, தனித்தனிக் கோடுதான்.

சுங்கச் சட்டத்தின் பிரிவு 17இன்படி மதிப்பீடு செய்பவர் இறக்குமதியாளரே, கோடு தவறினால் பொறுப்பும் அவருடையதே. பில் ஆஃப் என்ட்ரியில் மாடல் வாரியாக "ரெசின் உருவம், மரப் பீடம், பித்தளைத் திருவாசி, அலங்காரச் சிலை" என்று முழு விவரம் எழுதுங்கள். பிரிவு 28இல் சாதாரணமாக இரண்டு ஆண்டு வரையும், மறைத்ததாகக் கருதினால் ஐந்து ஆண்டு வரையும் வரி கேட்கலாம். முழு விவரம் எழுதியிருப்பதே மறைக்கவில்லை என்பதற்கு முதல் ஆதாரம். ஆய்வு முடிவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தால் பிரிவு 18இல் தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். ஒரே மாடல் தொடர்ந்து வரப்போகிறது என்றால், முதல் சரக்குக்கு முன்பே டெல்லி அல்லது மும்பை முன்தீர்ப்பு ஆணையத்திடம் (இறக்குமதிக்கு முன்பே கோடு பற்றித் தீர்ப்பு தரும் அமைப்பு) விண்ணப்பிப்பது நல்லது. மூன்று மாதத்தில் தீர்ப்பு தர வேண்டும் என்பது சட்டம். சட்டமோ உண்மை விவரமோ மாறாதவரை, சட்டம் குறிப்பிடும் காலம்வரை அது செல்லும். அதே கேள்வி உங்கள் வழக்கில் ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் ஆணையம் எடுத்துக்கொள்ளாது.