ஒரே ஆம்ப், இரண்டு இடம்: ஹாலுக்கும் மாடிக்கும் தனித்தனி சத்தம்

ஹாலில் பாட்டை அளவாக வைத்தால் மொட்டை மாடியில் கேட்காது. மாடிக்குக் கேட்கிற மாதிரி வைத்தால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து ஆம்பையே (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரை) அணைத்துவிடுவார். பின்பக்கம் ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கருக்கு இடம் இருந்தாலும் சத்தத்துக்குக் குமிழ் ஒன்றுதானே! மாடிக்குப் போகும் வயரில் தனியாக ஒரு வால்யூம் கண்ட்ரோல் போட்டால் தீர்ந்தது.

எதைப் போடுவது என்பதில்தான் நான் சூடுபட்டேன். ரேடியோவில் இருக்குமே, கார்பன் வால்யூம், அதை ஸ்பீக்கர் வயரிலேயே மாட்டினேன். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கருகிய வாடை. அரை வாட்டுக்கு மேல் தாங்காத சாமான் அது. ஸ்பீக்கருக்குப் போவதோ பல வாட். ஃபேன் ரெகுலேட்டரும் வேண்டாம். கடையில் ‘இம்பீடன்ஸ் மேட்சிங் ஸ்டீரியோ வால்யூம் கண்ட்ரோல்’ என்று கேளுங்கள். உள்ளே கம்பிச் சுருள் (காயில்) இருப்பதால் கையில் எடுத்தாலே கனக்கும். திருப்பினால் டக் டக்கென்று படிப்படியாக விழும்.

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆம்பின் பின்பக்கம் எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று படியுங்கள். ‘ஏ + பி: 8–16 ஓம்’ என்று இருந்தால் இரண்டு ஜோடியும் 8 ஓம் ஸ்பீக்கராக இருக்கலாம். ‘16 ஓம்’ என்று மட்டும் இருந்தால் கவனம். பெரும்பாலான ஆம்ப்களில் ஏ, பி இரண்டும் இணையாகச் சேரும். 8-ம் 8-ம் சேர்ந்தால் ஆம்புக்கு 4 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப் சூடேறும்.

2. கண்ட்ரோலின் பின்னால் 1, 2, 4 என்று இடம் மாற்றிச் செருகும் குட்டி ஜம்பர் இருக்கும். 2-ல் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆம்புக்கு 16 ஓமாகத் தெரியும். ஹாலில் 8, மாடியில் 16: மொத்தம் சுமார் 5.3 ஓம். ‘16 ஓம்’ கேட்கும் ஆம்பானால் ஹாலுக்கும் ஒரு கண்ட்ரோல் வாங்கி அதையும் 2-ல் வையுங்கள். உச்ச சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

3. பி முனையிலிருந்து கண்ட்ரோலின் இன்புட்டுக்கு, அவுட்புட்டிலிருந்து ஸ்பீக்கருக்கு. 15 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். இடது, வலது மைனஸ் வயர்களை ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். கரண்டு வயர் போகும் பைப்பில் இதை நுழைக்கவும் கூடாது.

4. கண்ட்ரோலை மாடிப்படிக் கதவுக்கு உள்பக்கம் பொருத்துங்கள், சாரல் படாது.

5. கண்ட்ரோலைச் சுழியில் வைத்து ஆம்பைப் போடுங்கள். ஹாலுக்கு வேண்டிய அளவை ஆம்பில் வைத்துவிட்டு, மாடிக்குக் கண்ட்ரோலைத் திருப்புங்கள். மாடிக்கு இன்னும் வேண்டுமென்றால் ஆம்பைக் கூட்டிவிட்டு ஹாலை மட்டும் குறைக்க ஹாலுக்கும் கண்ட்ரோல் தேவைப்படும். ஏனென்றால் இது சத்தத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. ஆம்ப் குமிழை வைத்த இடத்துக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டால் அடுத்த தடவை தேட வேண்டியதில்லை.