ரெகுலர் ஃபண்டிலிருந்து டைரக்டுக்கு மாறுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்கள் முதல் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்ப்பவர்கள் வரை கேட்பது இதுதான்: ஏஜென்ட் மூலம் வாங்கிய ரெகுலர் மியூச்சுவல் ஃபண்டை, ஏஜென்ட் இல்லாமல் ஃபண்ட் நிறுவனத்திடமே நேரடியாக வாங்கும் டைரக்டுக்கு மாற்றலாமா? மாற்றலாம், 2013 முதலே வசதி உண்டு, கமிஷன் மிச்சம். (ஏஜென்ட் சொந்தக்காரர் என்றால் சங்கடம்தான், அதற்கு என்னிடம் வழியில்லை.)

முதலில் பழைய எஸ்ஐபியை (மாதாமாதம் போடும் முதலீட்டை) நிறுத்தி டைரக்டில் தொடங்குங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஏனென்றால் அதே ஃபண்டாக இருந்தாலும் வரிக் கணக்கில் அது விற்று வாங்கியதுதான். பங்குசார்ந்த ஃபண்டில் ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளை மட்டும் எடுங்கள், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரியில்லை, மேலே போனால் 12.5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் விற்றால் 20. பங்குகளை விற்று எடுத்த நீண்டகால லாபமும் இந்த 1.25 லட்சத்தில்தான் சேரும், பலர் மறந்துவிடுகிறார்கள். எக்ஸிட் லோடையும் (சீக்கிரம் விற்றால் ஃபண்ட் பிடிக்கும் கட்டணம்) பாருங்கள். மீதியை, புது நிதியாண்டு தொடங்கும் அடுத்த ஏப்ரலில் மாற்றலாம்.