மொன்டானா மலையில் கருங்கரடி வேட்டை: வழிகாட்டி வைக்காமல் திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வசந்தகாலக் கருங்கரடி வேட்டை ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது. காசு கொடுத்து வழிகாட்டி வைக்காமல், லோலோ, கூட்டனை போன்ற தேசியக் காடுகளில் நீங்களே திட்டமிட்டுப் போகலாம். அமெரிக்காவில் இருந்துகொண்டு முதல்முறை போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் கரடிகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முதலில் லைசென்ஸ்

கருங்கரடி லைசென்ஸ் வாங்கும் முன் மாநில வனவிலங்குத் துறையின் கரடி அடையாளத் தேர்வில் தேற வேண்டும். 1985 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் தேவை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய அரசின் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. எனவே லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

பருவம் முடியும் தேதி பகுதிக்குப் பகுதி மாறும். சில பகுதிகளில் சுடப்பட்ட பெண் கரடிகளின் எண்ணிக்கை வரம்பை எட்டியதும் வேட்டையை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். கிளம்பும் அன்றும் ஒருமுறை பாருங்கள்.

இடம் தேடுவது

குளிர்கால உறக்கம் முடிந்து வெளியே வரும் கரடிக்கு முதல் தேவை பச்சைப் புல். தெற்கு நோக்கிய சரிவுகளில் வெயில் நேராக விழுவதால் அங்கேதான் பனி முதலில் கரையும், புல்லும் முதலில் முளைக்கும். மேப்பில் இப்படிப்பட்ட சரிவுகள், பனிச்சரிவு மரங்களை வழித்துவிட்டுப் போன திறந்த பட்டைகள், வண்டி போகாதபடி கேட் போட்ட பழைய மரம்வெட்டும் பாதைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதைகளில் தீவனப்புல்லும் டேன்டிலியன் என்ற மஞ்சள் பூச்செடியும் மண்டிக்கிடக்கும். நடக்கும்போது பச்சை நிறச் சாணம், நுனி கடிபட்ட புல், புரட்டிப் போட்ட கல் கண்ணில் பட்டால் அந்த இடத்தை விடாதீர்கள். ஏப்ரலில் பல பாதைகளைப் பனி மூடியிருக்கும். முதல் பயணத்துக்கு மே மாதத்தின் நடுப்பகுதியைத்தான் நான் சொல்வேன்.

பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும்

மொன்டானாவில் இரை வைத்துக் கரடியை வரவழைப்பது சட்டவிரோதம். எனவே எதிர்ச்சரிவில் உட்கார்ந்து பைனாகுலரில் மெதுவாக, பட்டை பட்டையாகப் பார்த்துக்கொண்டு வருவதுதான் முக்கிய வேலை. பகல் முழுக்க எதுவும் தெரியாத சரிவில், பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கரடி வெளியே வந்து மாடு மாதிரி மேயத் தொடங்கும்.

அது கருங்கரடிதானா? இங்கே அவசரம் கூடவே கூடாது. அதே மலைகளில் பழுப்புக் கரடி வகையான கிரிஸ்லி கரடிகளும் இருக்கின்றன. 1975 முதல் அவை மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளன. நிறத்தை நம்பாதீர்கள், கருங்கரடி பழுப்பாகவும் செம்பட்டையாகவும் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். கிரிஸ்லிக்குத் தோளில் திமில் உண்டு, முகம் உட்குழிந்திருக்கும், காது குட்டையாக உருண்டிருக்கும், முன்னங்கால் நகம் நீளம். கருங்கரடிக்குத் திமில் இல்லை, நெற்றியிலிருந்து மூக்கு வரை கோடு நேராக ஓடும், காது சற்று உயரம். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது குற்றம். அந்தக் குட்டி பக்கத்து மரத்தின் உச்சியிலோ உயரமான புல்லுக்குள்ளோ இருக்கலாம். தனியாகத் தெரியும் கரடியையும் நெடுநேரம் பாருங்கள். அடிக்கடி நின்று ஒரே திசையில் திரும்பிப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். வெளிச்சம் போகும்வரை முடிவுக்கு வரமுடியவில்லையா? சரி, நாளைக்கு வந்துகொள்ளலாம்.

நெருங்குவதும் சுடுவதும்

கரடியின் மூக்கை ஏமாற்ற முடியாது. காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கி அடிக்கும். அதைக் கணக்கிட்டு வழியை வகுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வையுங்கள். அடர்ந்த முடியும் கொழுப்பும் இரத்தத்தை உறிஞ்சிவிடுவதால் அடிபட்டு ஓடிய கரடியைத் தேடுவது மிகக் கடினம். பயிற்சியில் உறுதியாக அடிக்க முடிந்த தூரத்தைத் தாண்டி ஒரு குண்டுகூட வேண்டாம்.

முகாமும் இறைச்சியும்

கிரிஸ்லி நடமாடும் பகுதியில் கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டும் மிளகாய்க்காரத் தெளிப்பான்) பைக்குள் அல்ல, இடுப்பில் இருக்க வேண்டும். உணவைத் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 1.2 மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். இறைச்சிக்கும் அதுவேதான்.

மே மாத வெயிலில் கரடி இறைச்சி சீக்கிரம் கெடும். கனமான தோலும் கொழுப்பும் உடல்சூட்டை வெளியே விடாது. சுட்ட உடனே தோலை உரித்து, எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். சுமைக்குப் பெரும்பாலும் ஒரு நடை போதாது. வண்டியிலிருந்து இத்தனை தூரம்தான் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஓடைகளையும் கவனியுங்கள்: பனி உருகுவதால் காலையில் முழங்காலளவு ஓடும் தண்ணீர், மாலையில் கடக்க முடியாதபடி ஏறிவிடும்.

கரடியைச் சுட்ட 48 மணி நேரத்துக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தோலை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி அனுமதி தேவை.

கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். குளிர்ப்பெட்டியில் உறையவைத்தாலும் சில வகைகள் சாகாது. உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ் தொடும்வரை வேகவிடுங்கள், தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள். மிளகு தூக்கலாகப் போட்டு நெடுநேரம் கொதிக்கும் குழம்பு இந்த இறைச்சிக்கு நன்றாகப் பொருந்தும்.