இன்கார்னடைன்: அகராதிக்கு முன் அடுத்த வரி

ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் 'இன்கார்னடைன்' என்ற சொல்லில் ஒருமுறையாவது தடுக்கி விழுந்திருப்பார்கள். பொருள் இதுதான்: செந்நிறம், அல்லது சிவக்கச் செய்தல்.

ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகம், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு வந்த மெக்பெத் தன் கைகளைப் பார்க்கிறான். கடல் நீர் முழுவதும் சேர்ந்தாலும் இந்த ரத்தத்தைக் கழுவுமா? கழுவாது, இந்தக் கைதான் கடல்களை எல்லாம் 'இன்கார்னடைன்' ஆக்கிவிடும் என்கிறான். சரி, புரியவில்லையா? அடுத்த வரியில் அவனே சொல்கிறான்: கடலின் பச்சை நிறம் முழுக்கச் சிவப்பாகிவிடும். நீளமான லத்தீன் வழிச் சொல்லை உருட்டிவிட்டு, உடனே சின்னச் சின்ன வார்த்தைகளில் அதையே சொல்லும் அழகு எனக்கு இன்றும் சலிக்கவில்லை. அதனால், கடினமான சொல் வந்தால் அகராதியைத் திறக்குமுன் அடுத்த வரியைப் படித்துவிடுங்கள். பல நேரம் விளக்கம் அங்கேயே இருக்கும்.

இதன் வேர் சதையைக் குறிக்கும் லத்தீன் சொல். முதலில் இது வெளிர் சதை நிறத்தைத்தான் குறித்தது. ரத்தச் சிவப்பாக மாறியது மெக்பெத்துக்கு அப்புறம்தான். பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களுக்கு ஆங்கிலக் கவிஞர் பிட்ஸ்ஜெரால்ட் 1859இல் ஆக்கிய மொழிபெயர்ப்பில் ரோஜாவின் மஞ்சள் கன்னத்தைச் சிவக்க வைப்பதும் இதே சொல்தான்.

கவிதையில் தாராளமாக எழுதலாம். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம், அங்கே 'ரெட்' போதும்.