நகர விற்பனைக் குழுவில் ஆட்சேபணை சொல்வது எப்படி?

தெருவோர வியாபாரம் எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்று பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழு, நகராட்சி ஆணையர் தலைமையில் கூடும்போது "சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டு, வெளியே டீக்கடையில் வந்து புலம்பும் உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பழ வண்டிக்காரன்தான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடத்தை நமக்குத் தருகிறது. அதுவும் நம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்து அனுப்பும் இடம். அங்கே வாய்மூடி இருப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

"ஏழை வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால், பரிதாபப்பட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளே டேப் பிடித்து நடைபாதையை அளந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரில் பேருந்து நிலைய வாசலில் விற்கத் தடை போடும் பேச்சு வந்தது. காரணம் நெரிசல் என்றார்கள். பூ விற்கும் அக்கா எழுந்து, "ஐயா, நெரிசல் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில். நாங்கள் சுவரை ஒட்டி நிற்கிறோம், முன்னால் ஆறடி வழி இருக்கிறது. மாலையில் ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார். அந்தப் பொருள் தள்ளிவைக்கப்பட்டது, நேரில் பார்க்க நாளும் குறித்தார்கள்.

கடைக்காரர் சங்கத்து உறுப்பினர் வாடகைக் கஷ்டத்தைச் சொன்னால் குறுக்கிடாதீர்கள். அவர் கஷ்டமும் உண்மைதான். உங்கள் பதிலைத் தலைவரைப் பார்த்தே சொல்லுங்கள்.

சட்டத்தில் இரண்டு பிரிவுகளையாவது மனப்பாடம் செய்யுங்கள். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 3ஆவது பிரிவு. 18ஆவது பிரிவின்படி, ஓர் இடத்தை விற்பனை கூடாத பகுதியாக அறிவிக்கக் குழுவின் பரிந்துரை வேண்டும். இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பும் வேண்டும்.

பரிந்துரை என்பது நாம் கையெழுத்துப் போடும் தாள். அதனால் கூட்டத்தில் பேசியதையும் முடிவையும் எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்பில் கவனம் வேண்டும். வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து வேறு, தீர்மானத்தின் கீழ் போடுவது வேறு. "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்று வெற்றுத்தாளை நீட்டினால் மறுத்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உடன்பாடில்லை என்றால் கையெழுத்துக்கு மேலேயே "இத்தீர்மானத்துக்கு ஆட்சேபணை உண்டு" என்று எழுதி, காரணத்தை ஒரே பக்கத்தில் இணையுங்கள். மறுநாள் அதே கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை வாசிக்கும்போது அந்த ஆட்சேபணை விடுபட்டிருந்தால், முத்திரை நகலைக் காட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள்.